என்னை வீட்டுக்கு அனுப்பிய கப்பல்

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனவன் பாண் இல்லாமல் திரும்பி வந்தேன்.

உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டேன். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு இழுவைப் படகுகளுக்கு நடுவில் ஒரு பெரிய கப்பல் மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் நடுவயிற்றிலிருந்து வானத்தைத் தொடுவதுபோல ஓர் இரும்புக் கோபுரம். இரு பக்கமும் இரண்டு மஞ்சள் கிரேன்கள்.

பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் கேட்டார்: “அண்ணை, அதென்ன கப்பல்?”

“எண்ணெய்க்குக் கிணறு தோண்டுற கப்பல்.”

“இஞ்சயும் எண்ணெய் கண்டுபிடிச்சிட்டினமோ?”

“இல்லைத் தம்பி. அதுக்கு அங்க வேலை இல்லை. அதுதான் இஞ்ச வந்திருக்கு. என்னை மாதிரி.”

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலப் பக்கத்துக் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் பல வருடம் இருந்து வேலை செய்தவன் நான். அதே கப்பலில் இருந்துதான் ஏழெட்டு மாதங்களுக்கு முன்னர் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இப்போது அது என் ஊரைத் தேடி வந்து, என் வீட்டு யன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டது.

விலை முதலில் மேசையில் விழும்

எண்ணெய் விலை விழுவதை உலகம் செய்தியில் கேட்கும். கடலில் வேலை செய்கிறவன் சாப்பாட்டு மேசையில் கண்டுபிடிப்பான்.

நல்ல காலத்தில் எங்கள் கப்பலின் சாப்பாட்டுக்கூடம் ஒரு கலியாண வீடு. மாம்பழம், திராட்சை, மூன்று விதமான இறைச்சி, வெள்ளிக்கிழமைகளில் ஐஸ்கிரீம். விலை இறங்கத் தொடங்கியதும் முதலில் திராட்சை போனது. பிறகு நல்ல கோப்பி போய், தூள் கோப்பி வந்தது. பிறகு வாரத்துக்கு நான்கு தடவை வந்த ஹெலிகொப்டர் இரண்டு தடவையானது. ஒரு நாள் இரண்டு கிரேனையும் ஒருவரே மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்று நான் என் பெட்டியை மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

காரணம் சிக்கலானதல்ல. கடலுக்கு அடியில் கிணறு தோண்டுவது மிகவும் செலவு பிடிக்கிற வேலை. விலை நன்றாக இருக்கும்போது எண்ணெய்க் கம்பனிகள் எங்களைப் போன்ற கப்பல்களை வாடகைக்குப் பிடிக்கும். விலை விழுந்தால், இருக்கிற கிணறுகளில் வருகிறதே போதும் என்று புதிய கிணறுகளைக் கைவிடும். வாடகை நின்றதும் கப்பல் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற கப்பலில் பாரம் தூக்க என்ன இருக்கிறது?

சென்ற வாரம் இந்தப் பத்தியில், ஹெலிகொப்டர் தண்ணீரில் விழுந்தால் தப்புகிற பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த மூதூர் வாசகர் ஒருவர், “அதைவிடப் பயமான நாள் எது?” என்று கேட்டிருக்கிறார். ஐயா, அது கப்டன் மரேக் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்ட நாள்தான்.

மரேக் போலந்துக்காரர். உயரமான மனிதர், சிரிப்புக் குறைவு. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பல கப்பல்களில் இந்தச் செய்தி மின்னஞ்சலில்தான் வரும். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“யோகன், உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த முறை லீவில் போனால் நீங்கள் திரும்பி வரவேண்டியதில்லை.”

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். ஆனால் அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை. யாரையாவது கோபிக்க வேண்டும் அல்லவா? எண்ணெய் விலைக்கு முகம் இல்லை. மரேக்குக்கு இருந்தது.

ஊரெல்லாம் சந்தோஷம்

நான் வீட்டுக்கு வந்த கிழமைதான் பெற்றோல் விலையைக் குறைத்தார்கள்.

பெற்றோல் செட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். இறக்கக்கண்டியில் மீன்பிடிக்கிற ராசன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். “மச்சான், மண்ணெண்ணெயும் இறங்கிட்டுது. இனி இன்னும் கொஞ்சம் தூரம் கடலுக்குப் போகலாம்” என்று என் தோளில் தட்டினான். தம்பலகாமத்தில் என் மனைவியின் தம்பி குணம் உழவு மெசின் திருத்துகிறவன். டீசல் மலிந்ததால் வயல்களில் மெசின்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன, கராச்சில் வேலை நிறைய என்று சந்தோஷமாகச் சொன்னான்.

சீனன்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய குதங்களில் வேலை செய்கிற இன்னொரு நண்பனுக்கு ஓவர்டைம். விலை விழுந்தால் வாங்கிச் சேர்த்து வைக்கிறவர்கள் கூடுவார்கள், குதங்கள் நிரம்பும். ஆக, நான் எதனால் வேலை இழந்தேனோ அதனாலேயே என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவர்கள்மேல் பொறாமை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஒரே விலை, ஒரே ஊர். யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

என் மனைவி சாந்தினி தபால் கந்தோரில் வேலை செய்கிறாள். அவளுடைய சம்பளத்தில் வீடு ஓடியது. நான் குசினியில் சமைக்கப் பழகினேன். என் சம்பல் நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல் வந்த அன்று பாண் இல்லாமல் வந்து நின்ற என்னைச் சாந்தினி பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“சரி, இப்ப என்ன செய்யப் போறீங்கள்? யன்னலால பார்த்துக்கொண்டு இருக்கப் போறீங்களோ?”

“வேற என்ன செய்யிறது?”

“அது உங்கட கப்பல் எண்டு இவ்வளவு நாளும் சொன்னனீங்கள். அதில இப்ப ஆக்கள் இருக்க வேணுமே, இல்லையோ? போய்க் கேளுங்கோ.”

நளீம் காக்காவின் லாஞ்சி

கிண்ணியா நளீம் காக்காவிடம் இரண்டு லாஞ்சிகள் இருந்தன. துறைமுகத்துக்குள் நிற்கிற கப்பல்களுக்குத் தண்ணீர், மரக்கறி, ஆட்கள் எல்லாம் ஏற்றி இறக்குவதுதான் அவருடைய தொழில். அடுத்த நாள் அவரோடு ஏறிவிட்டேன். தக்காளிக் கூடைகளுக்கும் ஐஸ் போட்ட மீன் பெட்டிக்கும் நடுவில் இருந்துகொண்டு போனேன்.

“தம்பி, கேட்கிறதுக்கு வெட்கப்படாதீங்க. கப்பல்காரனுக்கும் இப்ப நம்மட தேவை இரிக்கு” என்றார் அவர்.

கப்பலின் ஏணியால் ஏறினேன். மரேக் மேல்தளக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். என்னைக் கண்டதும் முதலில் நம்பவில்லை.

“யோகன்? இது உங்கள் ஊரா?”

“ஓம். நீங்கள் நிற்பது என் வீட்டு முற்றத்தில்.”

அவர் முகம் இறுகியது. “உங்களுக்குக் கிரேன் வேலை கொடுக்க என்னால் முடியாது. தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை.”

“நான் கிரேனுக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய கப்பலுக்கு இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

கைவிரலால் எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான். கடலில் இருநூறு பேர் நடமாடிய கப்பல் அது. மிச்ச வேலைக்கு வெளிநாட்டில் இருந்து ஆட்களை விமானத்தில் கொண்டுவரக் கம்பனி யோசித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: துருப் பிடிக்காமல் பார்க்க, கயிறும் சங்கிலியும் கவனிக்க, மெசின்களுக்கு உதவ, இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி வருவதும் பழக்குவதும் என் பொறுப்பு. கப்பலின் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும்.

கெஞ்சவில்லை. விலை பேசுகிறவன்போலப் பேசினேன். எனக்கே அது புதிதாக இருந்தது.

மரேக் துருப் பிடித்த கம்பியை விரலால் சுரண்டிப் பார்த்தார். “மூன்று மாதம். சரி வந்தால் பார்க்கலாம்.”

அப்படித்தான் என் குழு தொடங்கியது. ராசன் வந்தான். கடலில் மீன் குறைந்த காலம், வாடைக் காற்றும் தொடங்கப் போகிறது என்றான். பெரிய மெசின்களைப் பார்க்கிற ஆசையில், கராச்சைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டுக் குணம் வந்தான். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். முதல் நாள் ஜெனரேட்டர் அறைக்குள் இறங்கிய குணம் வீடளவு பெரிய என்ஜின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “அத்தான், இதைத் திருத்துறதெண்டால் உள்ளுக்கு ஆள் போய் நிக்கலாம் போல இருக்கு” என்றான். பிலிப்பைன்ஸ் என்ஜினியர் ஒருவர் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சூடும் குளிரும்

வேலையில்லாத கப்பலை நிறுத்தி வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜெனரேட்டர்களை ஓடவிட்டு, கூப்பிட்டதும் புறப்படக்கூடிய நிலையில் வைத்திருப்பது. அதைச் ‘சூடாக’ வைப்பது என்போம். மற்றது, எல்லாவற்றையும் நிறுத்தி, மெசின்களுக்குள் எண்ணெய் பூசி மூடி, இரண்டு காவலாளிகளை விட்டுவிட்டுப் போவது. அது ‘குளிர்’. செலவு குறைவு. ஆனால் குளிர்ந்த கப்பலை மீண்டும் சூடாக்கப் பெருந்தொகை வேண்டும். அதனால் குளிரவிட்ட கப்பல்கள் பல, கடைசியில் உடைக்கிற கரைக்குத்தான் போகும்.

விலை மேலும் விழுந்தது. மழைக்காலம் தொடங்கி நல்லாய்ப் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் மரேக் என்னைக் கூப்பிட்டார்.

“தலைமைக் கந்தோர் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமாம்.”

“எப்போது?”

“உடனே.”

எனக்கு என் வேலை போவது பற்றிய நினைப்பு வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் யன்னலுக்கு வெளியே வானம் கண்ணில் பட்டது.

“கப்டன், இது எங்களுக்குக் காற்றுக் காலம். தைப்பொங்கல் வரைக்கும் நம்ப ஏலாது. மெசின் இல்லாமல் இந்தக் கோபுரத்தோடு நின்றால், காற்றுக்குப் பாய் விரித்த மாதிரித்தான்.”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றார் அவர். “கந்தோரில் எரிபொருள் செலவைப் பார்க்கிறார்கள். இங்கே இருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது.”

அன்றே அவர் ஒரு முடிவெடுத்தார். மெசின்களை ஒழுங்காக மூடுவதற்கு இன்னும் சில கிழமைகள் தேவை என்று கந்தோருக்கு அறிவித்தார். சொன்னது பொய்யல்ல. ஆனால் அவசரப்பட்டிருந்தால் சில நாட்களில் முடித்திருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தன் வேலைக்கு அது நல்லதல்ல என்று தெரிந்துகொண்டுதான் செய்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் ஒரு பகுதி அன்று கரைந்தது.

சங்கிலி அதிர்ந்த மத்தியானம்

அந்தக் காற்று வந்தபோது பட்டப்பகல். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், புயல் வரலாம் என்று பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். எங்கள் உட்துறைமுகம் நாலு பக்கமும் மலையும் மேடுமாக அணைத்திருப்பது; பெரும்பாலான காற்றுக்கு அது அசையாது. ஆனால் அன்று கிழக்கே இருந்து அடித்த காற்றில் மழை படுக்கையாகப் போனது. எதிர்க்கரை மறைந்துவிட்டது. கோபுரம் ஊளையிடத் தொடங்கியது.

ராசனும் நானும் கப்பலின் முன்முனையில் நின்றோம். அவன் குனிந்து நங்கூரச் சங்கிலியில் கையை வைத்தான். ஒவ்வொரு வளையமும் ஓர் ஆளின் பாரம். கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

“மச்சான், கை வைச்சுப் பார்.”

வைத்தேன். சங்கிலி அதிர்ந்துகொண்டிருந்தது, கல் ரோட்டில் வண்டில் போவதுபோல. நங்கூரம் சேற்றைப் பிடிக்கவில்லை, இழுபட்டுக்கொண்டு வருகிறது.

வோக்கிடோக்கியில் மரேக்குக்குச் சொன்னேன். அவர் குரல் ஏறவில்லை. “நானும் பார்க்கிறேன். பின்னுக்குப் போகிறோம். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும்தானே?”

தெரியும். சீனன்குடாப் பக்கம், எண்ணெய் இறக்குகிற துறையில் ஒரு டாங்கர் கட்டி நின்றது. குழாய்கள் பூட்டியபடி இருந்தன.

“இரண்டாவது நங்கூரத்தை விடுங்கள்” என்றார்.

சங்கிலியைப் பூட்டி வைக்கிற பிரேக் சில்லைப் பிடித்து இருவரும் திருப்பினோம். அசையவில்லை. நாங்கள் இன்னும் கை வைக்காமல் விட்ட சில்லு அது; மாதக் கணக்கில் உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. ராசன் ஓடிப்போய் ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து சில்லுக்குள் கொடுத்தான். இருவரும் உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டோம். ஒரு கிரீச் சத்தம். பிறகு சங்கிலி இடிமாதிரிப் பாய்ந்தது. அந்த மழையிலும் செந்நிறத் துருத்தூள் எழும்பி எங்கள் முகத்தில் அப்பியது.

கப்பல் தயங்கியது. ஆனால் நிற்கவில்லை.

கீழே ஒரு ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்து கப்பலைத் தள்ளிப்பிடிக்கிற பெரிய விசிறிக்கு அது காணாது. இரண்டாவதைக் கிளப்ப வேண்டும். பிலிப்பைன்ஸ் என்ஜினியரும் குணமும் என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பிறகு குணம் சொன்னான், முதல் தடவை கிளம்பவில்லையாம், காற்றுக் குழாயில் ஒரு வால்வைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றானாம். எனக்குத் தெரிந்தது, காலுக்குக் கீழே தளம் நடுங்கியதுதான். அது மெசினின் நடுக்கம். அவ்வளவு சந்தோஷமான நடுக்கத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

மரேக் விசிறியைத் திருப்பினார். கப்பல் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து மெல்ல நிமிர்ந்தது. நின்றது.

திரும்பிப் பார்த்தேன். டாங்கரின் தளத்தில் நின்றவர்களின் தலைக்கவச நிறங்கள் தெரிந்தன. அவ்வளவு கிட்டத்தில் இருந்தோம். அவர்கள் குழாய்களைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இழுவைப் படகு வந்து எங்கள் முன்புறத்தைப் பிடித்துக்கொண்டது.

காற்றுத் தணிந்ததும் முதலில் வந்தது நளீம் காக்காவின் லாஞ்சி. சோற்றுப் பார்சல்களும் மீன் குழம்பும் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் தளத்தில் குந்தியிருந்து சாப்பிட்டோம். மரேக்குக்குக் கரண்டி தேடினார்கள். அவர் வேண்டாம் என்று கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். உறைப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. அது உறைப்பால் மட்டும்தான் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. நாங்கள் யாரும் இரக்கத்துக்காக அந்தக் கப்பலில் வைக்கப்பட்டவர்கள் அல்ல.

விலை ஏறிய பிறகு

கப்பலைக் குளிரவிடும் கதை அதோடு நின்றது. துறைமுகத்தில் எங்கள் குழுவின் பெயரும் அடிபட்டது. வேலையில்லாமல் வந்து நின்ற வேறு இரண்டு சிறிய கப்பல்களையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள்.

பிறகு, எப்படி விழுந்ததோ அப்படியே விலை ஏறத் தொடங்கியது. கிணறு தோண்ட ஒரு கம்பனி எங்கள் கப்பலை வாடகைக்குப் பிடித்தது. புதிய ஆட்கள் வந்து ஏறினார்கள். புதிய மனேஜர் என்னைக் கூப்பிட்டு, பழைய கிரேன் வேலைக்கு வரச் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சாந்தினியிடம் சொன்னேன். அவள் இடியப்பத்தைப் பிய்த்தபடி யோசித்தாள்.

“விலை ஏறினால் கப்பல் போகும். இறங்கினால் கப்பல் வரும். ஏதோ ஒண்டு எப்பவும் நடக்கும்தானே? நீங்கள் இஞ்சயே நிண்டால் என்ன?”

நான் மனேஜரிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன். ஒரு காலத்தில் அந்த வேலைக்காக எதையும் கொடுத்திருப்பேன்.

கப்பல் புறப்பட்டது. மரேக் அதில் இல்லை. வேறொரு கப்டனைப் போட்டுவிட்டார்கள். அவருக்குச் செய்தி மின்னஞ்சலில்தான் வந்தது. அந்தச் சில கிழமைத் தாமதத்துக்காகவா, அவருடைய சம்பளம் கூடவென்றா, எனக்குத் தெரியாது; அவரும் சொல்லவில்லை.

துறைமுக வாயைக் கப்பல் தாண்டும் வரைக்கும் அவர் இறங்குதுறையில் நின்று பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“யோகன், உங்கள் குழுவில் ஒரு கப்டனுக்கு வேலை இருக்குமா?”

உண்மையில் இருந்தது. மற்ற இரண்டு கப்பல்களுக்கும் கப்டன் சான்றிதழ் உள்ள ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அது இல்லாவிட்டாலும் என் பதில் வேறாக இருந்திருக்காது.

“இருக்கு. நாளைக் காலமை லாஞ்சிக்கு வாருங்கள்.”

அவர் எல்லோருக்கும் முதல் வந்து நின்றார். சவரம் செய்து, சட்டை மடிப்புக் குலையாமல். ராசன் லாஞ்சிக்குள் நின்றபடி என்னிடம் தமிழில் கேட்டான்.

“மச்சான், இப்ப நீதானே இவருக்குப் பெரியவன். இவரை நாங்கள் இனி என்னெண்டு கூப்பிடுறது?”

“கப்டன் எண்டுதான்.”

ராசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

“கப்டன், கையைத் தாங்கோ. படி வழுக்கும்.”